வேலோடு வள்ளிமலை வரை

திருச்செந்தூரில் சூரனை வதைத்த மறுநாளே முருகனுக்குக் கல்யாணம். ஐப்பசி சஷ்டியன்று சாயங்காலம் கடற்கரையில் சூரசம்ஹாரம், அடுத்த நாள் தெய்வானையோடு திருக்கல்யாணம். சின்ன வயதில் இதில் எனக்கு ஒரு கேள்வியும் எழுந்ததில்லை. போர் முடிந்தது, ஜெயித்துக் கொடுத்தவருக்கு இந்திரன் நன்றிக்கடனாகத் தன் மகளைக் கொடுத்தான். அவ்வளவுதான். மாப்பிள்ளை மனசில் என்ன இருந்தது, பெண் மனசில் என்ன இருந்தது என்று கதை சொன்னவர்கள் யாரும் சொன்னதில்லை. வள்ளி அதற்கு அப்புறம்தான் வருகிறாள், வேறொரு மலையில், தினைப்புனத்துப் பரண்மேல் கவண்கல்லோடு.

எங்கள் வீட்டில் இந்தக் கதை தெய்வானையோடு நின்றுவிடும். யாராவது வள்ளியை எடுத்தால் அப்பத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். காரணம் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர்.

ஐயா பினாங்கில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதப் போனவர். கல்யாணமாகி, என் அத்தை வயிற்றில் இருக்கும்போதே கப்பல் ஏறிவிட்டார். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பினாங்கில் குண்டு போட்டன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது. அதோடு கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. 1945இல் ஜப்பான் சரணடையும்வரை அப்பத்தாவுக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. பொட்டு வைப்பதைப் பற்றிக்கூட ஊரில் முணுமுணுப்பு வந்ததாம். அவள் எதற்கும் பதில் சொல்லாமல் கார்த்திகைக்குக் கார்த்திகை திருப்பரங்குன்றம் போய்வந்திருக்கிறாள்.

அங்கே ஐயாவுக்கு அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. சம்பளமாகக் கிடைத்தது வாழைமரம் அச்சடித்த ஜப்பான்காரன் நோட்டு. சண்டை முடிந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. நடுவில் ஒரு விஷக்காய்ச்சல். கூட இருந்தவர்களே பிழைக்க மாட்டார் என்று கைவிட்ட நேரத்தில், தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெண் தன் வீட்டுத் திண்ணையில் போட்டுக் கஞ்சி கொடுத்துத் தேற்றியிருக்கிறாள். அவள் ஆதரவில்லாதவள். முதலில் நன்றி, பிறகு பழக்கம், பிறகு அதற்கும் மேலே. ஊரில் மனைவி இருக்கிறாள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன் என்பார் ஐயா. நான் நம்புகிறேன். ஆனால் சொல்லிவிட்டதால் எல்லாம் நேராகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தால், அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

1946இல் கப்பல் ஓட ஆரம்பித்ததும் திரும்பி வந்தார். அந்தப் பெண்தான் போகச் சொன்னாளாம். வந்த சில நாட்களிலேயே அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. ஒரு வருஷம் சோறு போட்டாள், பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாள். அது எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

சில வருஷம் கழித்துப் பினாங்கிலிருந்து வந்த ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே ஒரு சாண் உயரத்துக்குப் பித்தளை வேல். தண்ணீர்மலையில் சுவாமி காலடியில் வைத்து எடுத்தது, 'வீட்டம்மா கையில் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஐயாவுக்கு ஒரு வரிகூட இல்லை. அப்பத்தா அதைக் கிணற்றில் போட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பூஜை அறையில் வைத்துக் கார்த்திகை தவறாமல் பாலும் தேனும் ஊற்றினாள். ஆனால் திருத்தணிக்கு அவள் போனதே இல்லை. வள்ளிமலை என்ற பேரே எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

அந்த வேலை எடுத்துக்கொண்டுதான் அத்தையும் நானும் கிளம்பினோம். "ஆத்தா போகாத ஊருக்கெல்லாம் இதைக் கூட்டிட்டுப் போகணும் தம்பி" என்றார் அத்தை. அதற்குமேல் விளக்கம் கிடையாது.

முதலில் திருச்செந்தூர். கடலில் முங்கி, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நாழிக்கிணற்றுக்கு நடந்தோம். கடலை ஒட்டியிருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதை எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியாது. படைவீரர்களின் தாகம் தீர்க்க முருகன் வேலால் குத்தி எடுத்த ஊற்று என்கிறது தலபுராணம். உள்ளே கூட்டம் நெருக்கித் தள்ளியது. போர் நடந்த தலம் என்பதால் மூலவர் வீரக்கோலத்தில் இருப்பார் என்று முதல் தடவை வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர் நிற்பதோ கையில் ஜபமாலையும் பூவுமாக, சிவபூஜை செய்கிற கோலத்தில். அவ்வளவு பேரைக் கொன்றுவிட்டு வந்தவர் முதலில் தேடியது பூஜையைத்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகப் படும். பன்னீர் இலை விபூதியை வாங்கி அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

வெளியே வந்தால் கடலோரமாக வள்ளி குகை. குனிந்து, ஒடுங்கித்தான் நுழைய வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, வேண்டாம் என்றேன். "தெய்வானைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற ஊர்ல இவளுக்கு ஒளிஞ்சிக்கிற எடந்தான் கெடச்சுது போல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். உண்மையில் கோவிலுக்குள் வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனிச் சன்னதி இருக்கிறது. அத்தை அதையும் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

அடுத்தது திருப்பரங்குன்றம், அப்பத்தாவின் ஊர் மாதிரி. மதுரையிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். பாண்டியர் காலக் குடைவரை, கி.பி. 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. முருகன், துர்க்கை, விநாயகர், சிவன், பெருமாள் எல்லோரும் ஒரே மலையைக் குடைந்த கருவறைகளில். ஆறுபடை வீடுகளில் இங்கேதான் முருகன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் தெய்வானை. பங்குனியில் திருக்கல்யாணம் நடக்கும்போது பெண்ணைத் தாரை வார்க்க மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து புறப்பட்டு வருவார்கள். இங்கே எல்லாமே முறைப்படி.

மூலவர் மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது. அவர் வேலுக்குத்தான் அபிஷேகம். நாங்கள் போன நேரம் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை கைப்பையைத் திறந்து துண்டில் சுற்றிய எங்கள் வேலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதைப் பாத்துத்தான் ஆத்தா ஊத்தியிருக்கா" என்றார். அப்பத்தாவுக்கு முருகன் என்றால் இந்தக் கோவில்தான், இந்தக் கோவிலில் முருகன் என்றால் வேல்தான். யார் கொடுத்தனுப்பியது என்பதற்காக அதைப் பட்டினி போட அவளுக்குத் தெரியவில்லை. அல்லது அது இல்லாமல் வேறு கணக்கும் இருந்திருக்கலாம். சண்டைக் காலத்தில் தன் புருஷனை உயிரோடு வைத்திருந்தவள் அந்தப் பினாங்குப் பெண் என்பது அப்பத்தாவுக்குத் தெரியாததா?

இந்தக் குன்றத்துக்குச் சங்கப் பாட்டே இருக்கிறது. பரிபாடலின் ஒன்பதாம் பாட்டு, பாடியவர் குன்றம்பூதனார். முருகன் வள்ளியை மணந்த அன்று தெய்வானையின் கண்ணீர் மழையாகக் கொட்ட, கோடைக்காலம் கார்காலமாக மாறிப் பரங்குன்றம் குளிர்ந்துவிட்டதாம். பிறகு முருகன் தெய்வானை காலில் விழுகிறார். வள்ளி மாலையாலேயே அவர் கையைக் கட்டி அடிக்கிறாள். இருவரின் மயில்களும் ஒன்றையொன்று முட்டுகின்றன, கிளிகளுக்குள் வாய்ச்சண்டை. பெற்றோர் கொடுத்து வந்த கற்பு வாழ்க்கை உயர்ந்ததா, தானாக விளைந்த களவுக் காதல் உயர்ந்ததா என்று புலவர்களைக் கூப்பிட்டுச் சொல்லி, காதல் பக்கமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார் குன்றம்பூதனார். துணிச்சல்காரர். தெய்வானையின் கல்யாணக் குன்றத்தில் நின்றுகொண்டே அப்படிப் பாடியிருக்கிறார்! ஆனால் அழுதவள் யார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட அந்த மழைதான் நினைவில் நிற்கிறது.

பிற்காலப் புராணம் இந்தச் சிக்கலை வேறு மாதிரி முடித்துவைத்தது. திருமாலின் மகள்கள் அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனை வேண்டித் தவம் இருந்தார்களாம். அக்காள் இந்திரன் வீட்டில் தெய்வானையாகவும் தங்கை வேடர் குடியில் வள்ளியாகவும் வளர்ந்தார்களாம். ஆக, எல்லாம் முன்பே பேசி வைத்தது, யாருக்கும் துரோகம் இல்லை. பக்தியோடு கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அப்பத்தாவுக்கும் பினாங்கு அம்மாவுக்கும் அப்படி ஒரு முன்கதை இல்லை.

அங்கிருந்து திருத்தணி வெகுதூரம். ராத்திரிப் பயணத்தில் அத்தை தூங்கவே இல்லை, பையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. அந்தக் கோவிலுக்கு நாளுக்கு ஒன்றாக 365 படி என்பார்கள். முன்பெல்லாம் ஆங்கில வருஷப் பிறப்பன்று வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து வணங்கப் போனவர்களைத் திருப்பிவிட்டு, படிக்கு ஒரு திருப்புகழ் பாட வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். இன்றும் அந்தப் படித்திருவிழா நடக்கிறது. அத்தையால் படி ஏற முடியாது என்று மலைப்பாதையில் வண்டியில் போனோம்.

சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து நின்ற இடம் இது. அதனால் மற்ற கோவில்களில் சூரசம்ஹாரம் நடக்கும் நாளில் இங்கே சம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். வள்ளியை மணந்ததும் இங்கேதான் என்கிறார்கள். ஆனால் சன்னதிக்கு முன்னால் நிற்கிற வாகனத்தைப் பார்த்தால் மயிலுக்குப் பதில் யானை! இந்திரன் தெய்வானைக்குச் சீராகக் கொடுத்த ஐராவதம். அது போனதும் தேவலோகத்தில் வளம் குறைந்துவிட்டது, அதன் பார்வையாவது எங்கள் பக்கம் இருக்கட்டும் என்று இந்திரன் கேட்டுக்கொண்டதால் சன்னதியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது. சுவாமிக்குச் சந்தனம் அரைக்கும் கல்லும் இந்திரன் கொடுத்ததாம். காதல் கல்யாணம் நடந்த மலையில் மூத்தவளின் சீதனம் அப்படியே இருக்கிறது. அத்தை அந்த யானையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

வள்ளிமலைக்குப் பெரிய கூட்டம் வருவதில்லை. வேலூர் மாவட்டத்தில், காட்பாடிக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் பாறைக் குன்று. நம்பிராஜன் வள்ளியை எடுத்து வளர்த்தது இங்கே என்பது நம்பிக்கை. அவள் காவல் காத்த தினைப்புனம், முருகன் வேங்கை மரமாக நின்ற இடம், கிழவனாக வந்து தினைமாவு தின்று விக்கித் தண்ணீர் கேட்ட சுனை என்று ஒவ்வொன்றையும் காட்டுகிறார்கள். சூரியன் காணாத சுனை என்று ஒன்று உண்டு. மலையில் சமணர் சிற்பங்களும் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. அத்தைக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. நான் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். குரங்குகள் பையைக் குறிவைத்ததால் வேலை மட்டும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வழியில் மேலே இருந்து இறங்கி வந்த ஒரு புதுமணத் தம்பதி அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஏற்றிவிட்டார்கள். குகைக் கருவறை, எண்ணெய் வாசனை, எங்களைத் தவிர நாலைந்து பேர். வேலைக் கொடுத்ததும் குருக்கள் சுவாமி பாதத்தில் வைத்தார்.

"யார் பேருக்கும்மா அர்ச்சனை?"

அத்தை அப்பத்தாவின் பேரும் நட்சத்திரமும் சொன்னார். ஐயாவின் பேரும் நட்சத்திரமும் சொன்னார். "இன்னும் ஒருத்தர் இருக்காங்க, பேர் தெரியாது" என்றார்.

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "உறவா?"

"ஆமா. சின்னாத்தா முறை."

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "பேர் தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று குருக்கள் பூவை எடுத்தார். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சுவாமி பேருக்கு வேண்டாம், வள்ளி பேருக்குப் பண்ணுங்க" என்றார். அப்படியே நடந்தது.