கோட்டைக்குள் தங்கப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் கலீசியாக் கடற்கரையில் பையோனா ஊரின் மோன்தெர்ரெயால் கோட்டையில் அரசு நடத்தும் பாரதோர் ஹோட்டல் இருக்கிறது. முதலில் ஒன்று: மதில்தான் பழசு. நீங்கள் படுக்கும் கட்டடம் உள்ளூர் மாளிகை பாணியில் எழுப்பி 1966-இல் திறந்தது. நிஜமான பழங்கோட்டைச் சுவருக்குள்ளேயே தூங்க ஆசையென்றால் பிரான்ஸ் எல்லையில் உள்ள ஓந்தாரிபியா பாரதோர்தான் சரி. அங்கே வெளிச்சம் குறைவு, சுவர் அவ்வளவு தடிமன்.

பையோனாவில் முன்பதிவின்போதே கடல் பார்த்த அறை என்று எழுதிக் கேளுங்கள். மதில் மேல் ஒரு சுற்று நடக்க அரை மணி நேரம் போதும். காற்று பலமாக இருக்கும், ஆகஸ்டிலும் மேலாடை வேண்டும். கடல்நீரும் குளிர்ச்சிதான், அட்லாண்டிக் அல்லவா! ஜூனில் சூரியன் மறைய இரவு 10 தாண்டிவிடும். இரவு உணவும் எட்டரைக்கு முன் கிடைப்பது அரிது, குழந்தைகளோடு போனால் கையில் ஏதாவது வைத்திருங்கள்.

பலர் கோட்டை விடுவது அருகே கடலில் உள்ள சீயஸ் தீவுப் பயணத்தில். கோடையில் படகுச் சீட்டு மட்டும் போதாது. கலீசிய அரசின் இணையதளத்தில் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

துறைமுகத்தில், கொலம்பஸின் முதல் அமெரிக்கப் பயணத்தில் போன பின்தா கப்பலின் மாதிரி நிற்கிறது. அந்தப் பயணச் செய்தியோடு அசல் கப்பல் 1493 மார்ச் 1 அன்று இங்கேதான் கரை சேர்ந்தது.