தடித்த அடுக்கும் தங்கிய மின்னூட்டமும்: பவர் ஸ்விட்சிங் கருவிகளைப் படித்த அனுபவம்

பவர் எலெக்ட்ரானிக்ஸ் தாளுக்கு முதன்முறை படித்தபோது நான் ஓர் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்தேன். மின்னோட்டத்தைக் கடத்தவும் நிறுத்தவும் பயன்படும் குறைக்கடத்திக் கருவிகளை டையோடு, தைரிஸ்டர், மாஸ்ஃபெட், ஐஜிபிடி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் தாங்கும் மின்னழுத்தம், இயங்கும் வேகம், கட்டுப்படுத்தும் முறை ஆகியவற்றை எதிரே குறித்து வைத்திருந்தேன். எழுத்துத் தேர்வில் அது ஓரளவு கைகொடுத்தது. ஆனால் வாய்மொழித் தேர்வில், "1200 வோல்ட் என்றவுடன் ஐஜிபிடி என்கிறீர்களே, சிலிக்கான் மாஸ்ஃபெட்டை அந்த மின்னழுத்தத்துக்குச் செய்ய முடியாதா?" என்ற கேள்வி வந்தபோது நான் பேசாமல் நின்றேன். செய்ய முடியும். அப்படியிருந்தும் ஏன் பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதற்கு என் அட்டவணையில் விடை இல்லை. அதன்பின் பாடம் முழுவதையும் இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். கருவி அணைந்திருக்கும்போது மின்னழுத்தத்தை எந்த அடுக்கு தாங்குகிறது? கருவி கடத்தும்போது அந்த அடுக்கில் சேரும் மின்னூட்டம், அணைக்கும்போது எந்த வழியாக வெளியேறுகிறது?

இவற்றுக்கு முன்பாக, இக்கருவிகளை ஏன் ஸ்விட்சாக மட்டும் இயக்குகிறோம் என்பதை ஒரு கணக்கின் மூலம் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. 400 வோல்ட் மூலத்திலிருந்து 10 ஆம்பியர் எடுக்கும் சுற்றில், ஒரு டிரான்சிஸ்டர் பாதி மின்னழுத்தத்தைத் தன்மேல் தாங்கியபடி கடத்தினால் 200 வோல்ட், 10 ஆம்பியர், அதாவது 2000 வாட் வெப்பம் அதற்குள்ளேயே எழும். அதே டிரான்சிஸ்டர் முழுவதும் கடத்தும் நிலையில் 2 வோல்ட் மட்டுமே இழந்தால் 20 வாட். முழுவதும் அணைந்த நிலையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. எஞ்சுவது, ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாறும் மிகக் குறுகிய நேரத்து இழப்பு. இப்பாடத்தின் பெரும்பகுதி அந்தக் குறுகிய நேரத்தைப் பற்றியதே.

முதல் கேள்விக்கான விடை எல்லாக் கருவிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: குறைவாக மாசூட்டப்பட்ட (அதாவது, வேற்று அணுக்கள் குறைவாகச் சேர்க்கப்பட்ட), தடித்த டிரிஃப்ட் அடுக்கு. பின்னோக்கு மின்னழுத்தம் ஏற ஏற, சந்தியின் இயக்கமில்லாப் பகுதி (நகரும் மின்னூட்டங்கள் நீங்கிய பகுதி) இந்த அடுக்குக்குள் விரிகிறது. சிலிக்கான் முறிவதற்கு முன் தாங்கும் மின்புலம் சென்டிமீட்டருக்குச் சுமார் 3 லட்சம் வோல்ட் என்பதால், கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் அடுக்கு தடித்தாக வேண்டும், மாசூட்டலும் குறைந்தாக வேண்டும். இவ்விரண்டுமே கடத்தும்போது மின்தடையை உயர்த்துகின்றன. வழக்கமான மாஸ்ஃபெட் அமைப்பில், ஒரே பரப்பளவுக்கான இம்மின்தடை முறிவு மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 2.5-ஆம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்தடை ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிவிடும். என்னை நிறுத்திய கேள்விக்கான விடை இந்த ஒரு தொடர்பில் இருந்தது.

மாஸ்ஃபெட்டில் கடத்துபவை எலெக்ட்ரான்கள் மட்டுமே. ஆகவே அணைக்கும்போது டிரிஃப்ட் அடுக்கிலிருந்து அகற்றவேண்டிய உபரி மின்னூட்டம் கிடையாது. கருவியைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் மின்தேக்கத்தை நிரப்பி வடிக்கும் வேகமே கருவியின் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஐஜிபிடியிலோ அதே அமைப்பின் அடியில் ஒரு பி-வகை அடுக்கு சேர்க்கப்பட்டு, கடத்தும்போது அது டிரிஃப்ட் அடுக்குக்குள் துளைகளை (நேர் மின்னூட்டம்போல் நகரும் எலெக்ட்ரான் வெற்றிடங்களை) செலுத்துகிறது. எலெக்ட்ரான்களும் துளைகளும் சேர்ந்து அந்த அடுக்கை நிரப்புவதால் அதன் மின்தடை வெகுவாகக் குறைகிறது. இதையே கடத்துதிறன் பண்பேற்றம் என்கிறோம். ஆனால் கேட்டை மூடியபின் உள்ளே சிக்கிய துளைகளை வெளியே இழுக்க தனி முனை எதுவும் இல்லை. அவை எலெக்ட்ரான்களோடு மறுஇணைவு கொண்டு அடங்கும்வரை மின்னோட்டம் வால்போல நீள்கிறது. "டெயில் கரண்ட் ஏன் வருகிறது?" என்ற வினாவுக்கு இப்படி எழுதினால் காரணமும் அதில் வந்துவிடும், "ஐஜிபிடி மெதுவானது" என்று மட்டும் எழுதுவதில் அது வராது.

தைரிஸ்டருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கு அடுக்குகளை ஒன்றையொன்று ஊட்டும் இரண்டு டிரான்சிஸ்டர்களாக நீங்களே வரைந்து பாருங்கள். ஒன்றின் கலெக்டர் மின்னோட்டம் மற்றதன் பேஸ் மின்னோட்டமாவதால், இரண்டின் ஆல்ஃபாக்களின் (எமிட்டர் மின்னோட்டத்தில் கலெக்டரை அடையும் பங்குகளின்) கூட்டுத்தொகை ஒன்றை நெருங்கியதும் கேட் இன்றியே கடத்தல் தொடர்கிறது. கேட்டை விலக்கினாலும் தைரிஸ்டர் அணையாததற்குக் காரணம் இதுதான். மின்னழுத்தம் மிக விரைவாக ஏறும்போது தானாகவே தூண்டப்படுவதும் இதே படத்தில் விளங்கும்: நடுச் சந்தியின் மின்தேக்கம் வழியே பாயும் மின்னோட்டம், கேட் மின்னோட்டத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

லாட்சிங் கரண்ட், ஹோல்டிங் கரண்ட் இரண்டையும் நான் நீண்ட காலம் குழப்பிக்கொண்டிருந்தேன். கடத்தல் தொடங்கிய உடனே கேட் துடிப்பு நின்றாலும் கருவி கடத்தும் நிலையிலேயே நிலைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டம் முதலாவது. நிலைபெற்ற கருவி எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அணையுமோ அது இரண்டாவது, அது முதலாவதைவிடச் சிறியது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 100 வோல்ட் மூலம், 0.1 ஹென்றி மின்தூண்டல், 50 மில்லி ஆம்பியர் லாட்சிங் கரண்ட் என்றால், மின்னோட்டம் அந்த அளவை எட்ட 50 மைக்ரோ வினாடி ஆகும். கேட் துடிப்பின் அகலம் 20 மைக்ரோ வினாடி மட்டுமே என்றால் தைரிஸ்டர் மீண்டும் அணைந்துவிடும். மின்தூண்டல் சுமைக்கு நீண்ட துடிப்போ தொடர் துடிப்புகளோ தருவதன் காரணத்தை இக்கணக்கோடு எழுதுங்கள்.

அலைவடிவங்களை மனப்பாடம் செய்து வரைவதைவிட, ஒரே கால அச்சில் கேட் மின்னழுத்தம், மின்னோட்டம், கருவியின் குறுக்கே மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காரணத்தோடு வரையப் பழகுங்கள். மின்தூண்டல் சுமையில் மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்கும்போது மின்னோட்டம் முதலில் ஏறுகிறது; சுமை மின்னோட்டம் முழுவதும் ஃப்ரீவீலிங் டையோடிலிருந்து (மாஸ்ஃபெட் அணைந்திருக்கும்போது அம்மின்னோட்டத்துக்கு வழிதரும் டையோடு) மாறும்வரை அந்த டையோடு கடத்திக்கொண்டே இருப்பதால், மாஸ்ஃபெட்டின் குறுக்கே மின்னழுத்தம் குறைவதில்லை. அதன்பின் மின்னழுத்தம் இறங்கும் நேரத்தில், கேட்டுக்குத் தரும் மின்னோட்டம் கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையேயான மின்தேக்கத்துக்கே செலவாவதால் கேட் மின்னழுத்தம் ஏறாமல் சமமாக நிற்கிறது. மில்லர் சமதளம் என்பது இதுவே. ஆய்வகத்தில் அலைக்காட்டியில் மின்னோட்டம் சுமையின் அளவைத் தாண்டிக் கூராக எழும்பியதைக் கண்டு, அளவிடுவதில் ஏதோ பிழை என்று நினைத்து குறிப்பேட்டில் அதை மழுங்கடித்து வரைந்தேன். அது டையோடின் டிரிஃப்ட் அடுக்கில் தங்கியிருந்த மின்னூட்டம் பின்னோக்கிப் பாய்ந்து வெளியேறும் ரிவர்ஸ் ரெக்கவரி மின்னோட்டம் என்பது பிறகே புரிந்தது. ஒரு கருவியின் இழப்பில் மற்றொரு கருவியின் மின்னூட்டமும் சேருகிறது என்பதைப் படத்தில் குறித்துக் காட்டுங்கள்.

இந்த மாற்றத்தின் இழப்பையும் கணக்கிட்டுப் பாருங்கள். 400 வோல்ட், 10 ஆம்பியர், மாறும் நேரம் 100 நானோ வினாடி என்றால், முக்கோணப் பரப்பாக ஒரு மாற்றத்துக்கு 0.2 மில்லி ஜூல். தொடக்கம், அணைப்பு இரண்டும் சேர்ந்து 50 கிலோ ஹெர்ட்ஸில் 20 வாட் ஆகிறது. முன்பு கண்ட கடத்தல் இழப்புக்கு அது சமம். அதிர்வெண்ணை உயர்த்தினால் எந்த இழப்பு வளரும், எது மாறாது என்பது இங்கே கண்கூடு.

இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வில், பாடத்திட்டத்தில் இல்லாத சிலிக்கான் கார்பைடைப் பற்றிக் கேட்டார்கள். அது தாங்கும் மின்புலம் சிலிக்கானைப்போல் சுமார் பத்து மடங்கு என்ற ஒரே செய்தியிலிருந்து தொடங்கினேன். அதே 1200 வோல்ட்டுக்கு டிரிஃப்ட் அடுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தடிமன் போதும், மாசூட்டலையும் கூட்டலாம். எனவே துளைகளைச் செலுத்தாமலேயே மின்தடை குறைகிறது, மாஸ்ஃபெட்டாகவே செய்ய முடிகிறது, டெயில் கரண்ட்டும் இல்லை என்று கரும்பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டினேன்.