ஆமைக்குச் சார்ஜ் ஏறவில்லை

ராத்திரி இரண்டரை மணிக்கு ஹாலில் ஒரு பெண் குரல் ‘சார்ஜிங் ஸ்டார்ட்டட்’ என்றது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே குரல். அப்புறம் இன்னொரு தடவை. ‘என்னங்க, அது ராத்திரி முழுக்கப் பேசிட்டே இருக்கு’ என்று மனைவி எழுப்பினாள். ‘மாப் துணி ஈரத்துல காண்டாக்ட் சரியாப் படலை, அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு, படுத்த வாக்கிலேயே போனில் செயலியைத் திறந்து குரலை ம்யூட் செய்தேன். வீடு அமைதியானது. அந்த அமைதிக்குப் பிறகு கொடுத்த விலையைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டு ரோபோ வாக்குவம் கிளீனருக்கு அம்மா வைத்த பெயர் ஆமை. 2001-இல் எலக்ட்ரோலக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த இதன் முன்னோடிக்கு ‘டிரைலோபைட்’ என்று, என்றோ அழிந்துபோன ஓட்டுடைய கடல் பிராணியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அம்மாவின் கண் தவறவில்லை. வாங்கி மூன்று வருடம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், போர்வெல் தண்ணீர், எதிரிலேயே கட்டடவேலை. தினமும் ஒரு கைப்பிடித் தூசி எடுத்துக்கொடுக்கும், ஈரத் துணியால் மாப்பும் போடும்.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எல்லோரும் தென்காசிக்குப் போனோம். கிளம்பும்போது வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டேன். ஆமை அதன் டாக்கிலேயே, அதாவது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மேடையிலேயே, உட்கார்ந்திருந்தது. இந்த மெஷின்கள் சும்மா இருக்கும்போதும் வைஃபைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும் என்பது தெரியாததல்ல. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுசாக அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். முப்பத்தெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. டாக்கில் மட்டும் பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

முதலில் காண்டாக்ட். மெஷினைக் கவிழ்த்தால் அடியில் இரண்டு உலோகத் தகடுகள். டாக்கில் அவற்றைத் தொடும் இரண்டு ஸ்பிரிங் பட்டைகள். நான்கின் மேலும் சாம்பல் வெள்ளையாக ஒரு படிவு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்து பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். அழுக்கு வந்தது, வெள்ளை வரவில்லை. அம்மா பின்னாலிருந்து பார்த்துவிட்டு, ‘குழாய்ல படியிற உப்புடா அது. புளியப் போட்டுத் தேய்’ என்றார். யோசித்தால் அவர் சொன்னதுதான் வேதியியல். போர்வெல் தண்ணீரில் மாப் போட்டால் காய்வது கால்சியம் உப்பு. அது ஆல்கஹாலில் கரையாது, அமிலத்தில் கரையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுண்டைக்காய் அளவு புளியை நனைத்துத் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. புளியின் ஈரம் தங்கினால் அதுவே தகட்டை அரிக்கும், அதனால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கடைசியாக ஆல்கஹாலால் ஒருமுறை. டாக்கில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, கரண்ட் வருகிறதா என்று பார்ப்போம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். அடாப்டரின் வயிற்றில் 19 வோல்ட், 0.6 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. டாக்கின் இரண்டு பட்டைகளில் முனைகளை வைத்தேன்: 19.2 வோல்ட். (சில டாக்குகள் மெஷின் வந்து உட்காரும்வரை முழு வோல்டேஜைத் தராது. அதைப் பார்த்து டாக் போய்விட்டதென்று முடிவு கட்டக்கூடாது. என்னுடையது அடாப்டரிலிருந்து நேராக ஒயர் வரும் சாதாரண வகை.) பச்சை விளக்கு எரிகிறது, 19.2 இருக்கிறது, ஆகவே டாக்கும் அடாப்டரும் நலம் என்று மனதில் ஒரு டிக் போட்டுக்கொண்டேன். பேனாவால் அடாப்டர் மேலேயே ‘ஓகே’ என்றும் எழுதிவைத்தேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம்.

அடுத்து சர்வீஸ் சென்டர். ‘டாக் வேண்டாம் சார், மெஷின் மட்டும் கொண்டுவந்தாப் போதும்’ என்றார்கள். நான்கு நாள் வைத்திருந்து, மதர்போர்டு போய்விட்டது, 8,500 ரூபாய் ஆகும் என்றார்கள். மெஷின் வாங்கியதே 17,000 ரூபாய்க்கு. பார்த்ததற்கு 500 ரூபாய் கட்டிவிட்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். போர்டில் என்ன போயிற்று என்று கேட்டதற்கு ‘சார்ஜ் எடுக்கலை சார்’ என்பதுதான் பதில். அதைத்தானே நான் சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து மெஷினைக் கவிழ்த்து, பேட்டரி மூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே நீலப் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு பேக், 14.4 வோல்ட், கொள்ளளவு 2,600 எம்ஏஎச். முழுக்க ஏறியிருந்தால் 16.8 வோல்ட் காட்ட வேண்டும். மீட்டர் 0.4 காட்டியது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். காலியான பேட்டரிகூட இவ்வளவு கீழே காட்டாதே? பேக்குக்குள் நான்கு செல் வரிசையாக இருக்கும்; அவற்றோடு ஒரு சின்ன பாதுகாப்பு போர்டும் இருக்கும். ஒரு செல் ஏறத்தாழ இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே அந்த போர்டு வெளி இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே 0.4 என்றால் உள்ளே எல்லாம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து நேராக வோல்டேஜ் கொடுத்து அந்தக் கதவைத் தட்டித் திறக்கிற வித்தை ஒன்று உண்டு. செய்து பார்க்கலாமா என்று எனக்கும் கை அரித்தது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பேக்கை எடுத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாடிப்படிக்கு அடியில், நாலடிக்கு ஆறடியில் ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், காதில் பென்சில். நான் கதையைத் தொடங்குவதற்குள் நீல உறையைக் கீறிவிட்டார். நான்கு 18650 செல்கள். அந்த எண்ணே அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொன்றாக மீட்டரை வைத்தார். 2.9, 2.8, 2.9. நான்காவதில் 0.7.

‘மூணு புள்ளைங்க நல்லா இருக்கு சார், கடைசிப் பையன் போயிட்டான்.’

‘கொஞ்சம் சார்ஜ் குடுத்து எழுப்ப முடியாதா?’

‘எழுந்துக்குவான். அப்புறம் என்னிக்காவது படுக்க வெச்ச இடத்துலயே எரிவான்.’

அவர் சொன்னதை என் மொழியில் சொல்வதானால்: லித்தியம் செல் அந்த அளவு வடிந்து கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு எங்கேயாவது படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். வீட்டில் வைத்து எழுப்பாமல் விட்டது நல்லதாயிற்று.

புது பேக் 1,450 ரூபாய். பக்கத்துக் கடையில் அதே விலைக்கு 6,800 எம்ஏஎச் என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒன்று தொங்கியது. வரிசையாக நான்கு செல் மட்டும் உள்ள பேக்கில் அது எப்படி வரும்? வரிசையில் சேர்த்தால் வோல்டேஜ்தான் கூடும், கொள்ளளவு ஒரு செல்லின் அளவுதான். நல்ல 18650 செல்லே பொதுவாக 3,500-ஐத் தாண்டாது. கையில் எடுத்துப் பார்த்தால் லேசாக வேறு இருந்தது. ஒழுங்கான செல் ஒன்று 45 கிராம் சுமாருக்கு நிற்கும். 2,600 என்று அடக்கமாக எழுதியிருந்ததையே வாங்கினேன். கனெக்டர் ஒன்றுபோல இருந்தாலும் ஒயர் வரிசை மாறியிருக்கலாம் என்று, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று சரிபார்த்துக் கொடுத்தார். வெள்ளை ஒயர் சூடு பார்க்கும் சென்சாருக்கு. அது இல்லாவிட்டால் நிறைய மெஷின்கள் சார்ஜ் எடுக்காது.

வீட்டில் மாட்டியதும் ஆமைக்கு உயிர் வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முக்கால் மணி நேரம் வீடு முழுக்கச் சுற்றிவிட்டுத் தானாகவே டாக்குக்குப் போய் உட்கார்ந்தது. சர்வீஸ் சென்டர்க்காரரை நினைத்து மனதுக்குள் ஒரு நக்கல் சிரிப்பு. என்ன சொல்கிறது என்று கேட்பதற்காகக் குரலையும் திறந்துவிட்டிருந்தேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு, ‘சார்ஜிங் ஸ்டார்ட்டட்.’ 11.36-க்கு, ‘சார்ஜிங் ஸ்டார்ட்டட்.’

காலையில் செயலியில் பேட்டரி 9 சதவீதம். புது பேட்டரி பாதி சார்ஜோடு வந்திருக்கிறது, அந்தப் பாதியில்தான் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கடைக்காரர்தான் ஏமாற்றிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு, ஒன்றையும் விடாமல் மெஷின், டாக், அடாப்டர் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. அடாப்டரை எடுத்தார். ‘ஓகே’ என்று நான் எழுதியதைப் படித்தார்.

‘யார் சார் ஓகே பண்ணது?’

‘நான்தான். 19.2 வந்துச்சு.’

‘சும்மா நிக்கும்போது வரும். மூட்டை தூக்கும்போது வருதான்னு பாத்தீங்களா?’

மேசை இழுப்பறையிலிருந்து பைக் பார்க் லைட் பல்பு இரண்டை எடுத்தார், 12 வோல்ட் 5 வாட். இரண்டையும் வரிசையாகச் சேர்த்து ஒயர் சுற்றி வைத்திருந்தார். 24 வோல்ட் வரை தாங்கும். முதலில் தன்னிடம் இருந்த ஒரு 19 வோல்ட் அடாப்டரில் கொடுத்தார். இரண்டும் மஞ்சளாக நின்று எரிந்தன, மீட்டரில் 19. அப்புறம் என்னுடையதில். பல்புகள் பளிச்சென்று மின்னி அணைந்தன. மறுபடியும் மின்னி அணைந்தன. அடாப்டருக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மீட்டர் 3, 7, 4 என்று குதித்தது. டாக்கின் பச்சை விளக்குக்குத் தேவை சில மில்லி ஆம்பியர்தான், அதனால் அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. என் மல்டிமீட்டருக்கு அதுகூடத் தேவையில்லை.

‘இது ஒவ்வொரு தடவை எந்திரிச்சு விழும்போதும் மெஷின் புதுசா சார்ஜ் ஆரம்பிச்சதா நெனச்சுக்கும். திரும்பத் திரும்ப எதாவது சொல்லியிருக்குமே?’

நான் ம்யூட் செய்த கதையை அவரிடம் சொல்லவில்லை.

ஒட்டப்பட்டிருந்த அடாப்டர் மூடியைச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டித் திறந்தார். ‘வீட்ல இத செஞ்சுடாதீங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு: நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி மின்சாரமாக நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் இருக்கலாம். அவர் காட்டியது மறுபக்கத்தில், ஒயர் வெளியே வரும் இடத்தில் இருந்த சின்ன கெப்பாசிட்டரை. தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை, உப்பிய பூரி மாதிரி இருந்தது. ஓரத்தில் பழுப்பாகக் கசிந்த கறை.

இப்போதுதான் முழுக்கதையும் ஒட்டியது. அடாப்டர் மாசிப் பங்குனியிலேயே தடுமாற ஆரம்பித்திருக்கிறது. பேட்டரி அரைகுறையாகவே ஏறி, அந்த அரைகுறையோடு தென்காசி லீவைச் சந்தித்து, ஒரு செல்லைப் பலி கொடுத்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் அவர்களுடைய நல்ல அடாப்டரில் வைத்துப் பார்த்திருப்பார்கள். செத்த பேட்டரி சார்ஜ் எடுக்காது. பழி போர்டு மேல் விழுந்தது. நான் நல்ல பேட்டரியைக் கெட்ட அடாப்டரில் வைத்தேன். பழி பேட்டரிக் கடைக்காரர் மேல் விழுந்தது.

புது அடாப்டர் 350 ரூபாய். 19 வோல்ட், 1 ஆம்பியர். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் பாதகமில்லை, மெஷின் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்டேஜும், பின்னின் நடுவில் பிளஸ் என்பதும் மாறக்கூடாது. பழைய பேக்கைக் குப்பையில் போட வேண்டாம் என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பல்பு ஜோடி மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே தன்னுடையதையே கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

அன்று ராத்திரி ஆமையை டாக்கில் வைத்துவிட்டு, குரலைத் திறந்தே விட்டுவிட்டுப் படுத்தேன். அலைச்சலில் அசந்து தூங்கிவிட்டேன். காலையில் ஹாலுக்கு வந்தால் அம்மா காபி டம்ளரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆமை.

‘முழிச்சிட்டேதான் இருந்தேன்’ என்றார். ‘ஒரு தடவைதாண்டா சொல்லிச்சு.’