ஒரு மணிக்கட்டு வலியும் எட்டு மாத அலைச்சலும்

என்னிடம் இப்போது வலது கையின் எம்.ஆர்.ஐ. படங்கள் இரண்டு தொகுதி இருக்கின்றன. முதல் தொகுதியில் உள்ளங்கை எலும்புகளும் விரல்களும் மிகத் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. எட்டு மாதமாக வலித்துக்கொண்டிருந்த மணிக்கட்டோ படத்தின் கீழ் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘வலது மணிக்கட்டு’ என்றுதான் இருந்தது. ஸ்கேன் மையத்தின் பதிவு மேசையில் அதை ‘வலது கை’ என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். மருத்துவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, “இதை வச்சு நான் எதுவும் சொல்ல முடியாது, மறுபடி எடுத்துட்டு வாங்க” என்றார். 6,500 ரூபாய் கட்டியிருந்தேன். மருத்துவமனையில் படுக்கையில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தருவதில்லை என்பதால், அது முழுவதும் என் கைக்காசு.

திரும்பிப் போய்க் கேட்டபோது, “கைன்னா மணிக்கட்டும் அதுல அடக்கம்தானே சார்” என்று மேசையில் இருந்தவர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடக்கம் இல்லை. மணிக்கட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளது; மணிக்கட்டை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கருவியின் சுருளைப் பொருத்தி, மெல்லிய அடுக்குகளாக எடுத்தால்தான் அதில் உள்ள கிழிசல் தெரியும். அசல் சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு, அது இப்போது கிடைக்கவில்லை என்றார்கள். நல்லவேளையாக, சீட்டைக் கொடுப்பதற்கு முன்பே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். முக்கால் மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து வந்த கதிரியக்க மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் தவற்றை ஒப்புக்கொண்டு, கட்டணம் இல்லாமல் மறுபடி எடுக்கச் சொன்னார். அதற்குக் கிடைத்த நாள் பன்னிரண்டு நாள் தள்ளி. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எந்தச் சீட்டையும் படம் எடுக்காமல் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், இயந்திரத்தில் படுப்பதற்கு முன்பு, திரையில் எந்த உறுப்பு பதிவாகியிருக்கிறது என்று அங்கிருப்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

வலி தொடங்கியது பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். ஜிம்மில் 70 கிலோ பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மார்புக்கு மேலே தள்ளும் பயிற்சி. ஐந்தாவது தடவை தூக்கும்போது அந்தக் கம்பி (பார்) உள்ளங்கையிலிருந்து விரல்களை நோக்கி நழுவ, மணிக்கட்டு பின்னால் மடங்கியது. ‘பட்’ என்ற சத்தமோ வீக்கமோ இல்லை. மறுநாள் காலை ஈரத் துண்டைப் பிழிந்தபோதுதான் சுண்டுவிரல் பக்கம் சுரீரென்று இழுத்தது. அடுத்த சில நாள்களில் குழாயைத் திருகினால் வலி, பாட்டில் மூடியைத் திறந்தால் வலி, நாற்காலியில் கை ஊன்றி எழுந்தால் வலி. சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. இப்படி ‘ஒன்றும் இல்லை’ என்று நம்ப வைப்பதுதான் இந்தக் காயத்தின் ஆபத்து என்பதை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

ஜிம்மில் மூத்தவர் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: “சுளுக்குதான் தம்பி, நீவி விட்டா சரியாயிடும்.” சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் போனேன். எண்ணெய் தடவி, விரல்களைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டார். அதுவரை இல்லாத வீக்கம் அன்று இரவே வந்தது. முறுக்கினால் வலிக்கிற மூட்டை இன்னொருவர் பலம் கொண்டு முறுக்குவதற்கு ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது.

அதன்பின் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு முறிவு இல்லை என்றார். வலி மாத்திரையும் மூன்று வார ஓய்வும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, என் மணிக்கட்டை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், அது அவசியமே. குறிப்பாக, கை ஊன்றிக் கீழே விழுந்து, கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அங்கே ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கும் படத்தில் தெரிவது உண்டு. அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் போவதால், கவனிக்காமல் விட்டால் மறுமுனை இரத்தம் இன்றிச் செத்துப்போகக்கூடும். எனக்கு வலி அதற்கு எதிர்ப்பக்கம்.

மூன்று வாரம் ஓய்வெடுத்தேன், வலி போனது, பழைய எடைக்கே திரும்பினேன், இரண்டாம் வாரம் வலி வந்தது. இதே சுற்று மூன்று முறை நடந்தது, நான்கு மாதம் ஓடிப்போனது. இடையில் பயிற்சிக்கு முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கிய நாள்களும் உண்டு. அவற்றை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன். ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒரே குரலை நானே அடைத்துவிட்டு எடை ஏற்றியிருக்கிறேன்.

ஓய்வு என்று நான் நினைத்ததும் ஓய்வாக இருக்கவில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு இரு சக்கர வண்டியில் போய் வருகிறவன் நான். தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல், வலது கையால் ஆக்ஸிலரேட்டரை இறுகப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருக்கிறேன். ஜிம்முக்குப் போகாத அந்த மூன்று வாரங்களிலும் மணிக்கட்டு ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. இதை எந்த மருத்துவரும் கேட்கவில்லை. முதன்முதலில் கேட்டவர், ஐந்தாம் மாதம் நான் போய்ச் சேர்ந்த அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர்தான்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் கையைத் தன் மேசைமேல் வைத்து, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முண்டுக்கும் உள்ளங்கைப் பக்கத்துத் தசைநாணுக்கும் நடுவே உள்ள சின்னக் குழியைக் கட்டைவிரல் நுனியால் தேடிப் பிடித்து, மெதுவாக அழுத்தினார். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “இதேதானா அந்த வலி?” என்று கேட்டார். அதேதான். அடுத்து நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றி எழச் சொன்னார். முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு, பெஞ்ச் பிரஸ் செய்யும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளி ஒன்று கொண்டுவரச் சொன்னார். ஐந்து மாதத்தில் மருத்துவர் ஒருவர் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான். டி.எஃப்.சி.சி. எனப்படும் முக்கோணக் குருத்தெலும்புப் பகுதியில் காயம் இருக்கலாம் என்று எழுதி, கை அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்.

கை அறுவை மருத்துவர் முதலில் கேட்டது பழைய எக்ஸ்ரேயை. நான்கு மாதமாக உறைக்குள் கிடந்த அந்தப் படத்திலேயே, முன்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா, ரேடியஸைவிடச் சற்று நீண்டிருப்பது தெரிந்தது. பிறவியிலேயே பலருக்கு அப்படி இருக்கும் என்றும், அதுவே நோய் அல்ல என்றும் அவர் சொன்னார். ஆனால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும் கையில், மணிக்கட்டில் இறங்கும் சுமையில் சுமார் 20 விழுக்காடுதான் அல்னா பக்கம் போகிறது; அல்னா 2.5 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் அது 40 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி இறுகப் பிடிக்கும்போது அந்த எலும்பு இன்னும் கொஞ்சம் நீண்டு நிற்கும். பெஞ்ச் பிரஸில் பாரைப் பிடிப்பதும், வண்டியில் ஆக்ஸிலரேட்டரைப் பிடிப்பதும் அப்படித்தானே! முதல் நாளே ஒருவர் அந்தப் படத்தில் அளவுகோல் வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த எம்.ஆர்.ஐ. முதல் முறை தவறாகிப்போன கதையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். இரண்டாவது எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பின் ஓரத்தில் பகுதிக் கிழிசல் தெரிந்தது. மூட்டு தளரவில்லை, அறுவை தேவையில்லை. நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கிடையாது, வெளி ஓரத்துக்கு உண்டு. எனவே ஓரக் கிழிசல் ஆறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்றார். ஆறு வாரம் மணிக்கட்டுப் பட்டை. மருந்துக் கடையில் முதலில் கொடுத்தது கட்டைவிரல் வலிக்கு உரியது; திருப்பிக் கொடுத்து மாற்றினேன். வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மின்சார ரயிலில், இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். கால் பயிற்சிகளை மட்டும் தொடர்ந்தேன். அதிலும் பாரை முதுகில் சுமந்து உட்கார்ந்து எழும் பார்பெல் ஸ்குவாட்டைத் தவிர்த்தேன், ஏனென்றால் அப்படிப் பிடித்திருக்கும்போதும் மணிக்கட்டு பின்னால் மடங்குகிறது. அந்த ஆறு வாரங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மீண்டும் எடைக்குத் திரும்பிய முறையைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முந்தைய மூன்று முறையும் நான் தவறியது இதில்தான். முதல் இரண்டு வாரம் அசைவே இல்லாத பயிற்சி: இடது கையால் வலது கையைத் தடுத்துப் பிடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் 30 வினாடி தள்ளுவது மட்டும். அடுத்து வீட்டில் இருக்கும் சுத்தியல். முழங்கையை மேசையில் ஊன்றி, சுத்தியலை அதன் தலைக்கு அருகில் பிடித்து, முன்கையை மிக மெதுவாக இரு பக்கமும் திருப்ப வேண்டும். வாரம் ஒரு முறை பிடியை இரண்டு விரற்கடை கீழே இறக்க வேண்டும். பிடி இறங்க இறங்கச் சுமை கூடும் என்பதால் தனியாக எடை வாங்கத் தேவையில்லை. வலிக்கு அந்த அம்மா வைத்த விதி ஒன்றே: பத்துக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது, மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். நான் இரண்டு முறை இறங்கினேன். மறுநாள் காலையைச் சோதிக்க எனக்கு அந்த ஈரத் துண்டே போதுமானதாக இருந்தது.

பெஞ்ச் பிரஸ் பிடியை அவர் திருத்திய விதம் மறக்க முடியாதது. என் காணொளியை நிறுத்தி, முன்கை எலும்புக்கு நேர் மேலே இல்லாமல் பார் விரல்களின் அடியில் தொங்குவதைக் காட்டினார். பிறகு பேனாவை எடுத்து, என் உள்ளங்கையில் கட்டைவிரலின் சதைமேட்டை ஒட்டி, மணிக்கட்டு ரேகைக்கு இரண்டு விரற்கடை மேலே ஒரு கோடு போட்டு, “பார் இந்தக் கோட்டுல உட்காரணும்” என்றார். எனக்குக் காய்ப்பு ஏறியிருந்த இடமோ அதற்கு மூன்று விரற்கடை மேலே, விரல்களின் அடியில். ஆண்டுக்கணக்கில் பார் எங்கே உட்கார்ந்திருந்தது என்பதற்கு அந்தக் காய்ப்பே சாட்சி. உங்கள் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் 20 கிலோ பாரில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டரைக் கிலோ என்ற கணக்கில் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் ஜிம்முக்குள் நுழைவதற்கு முன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

நேரான பாரில் பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்கும் பயிற்சி) செய்வதை விட்டுவிட்டு, டம்பெல்லைச் சுத்தியல் போலப் பிடித்துச் செய்கிறேன். தரையில் உள்ளங்கை பதித்துத் தண்டால் எடுப்பதற்குப் பதிலாக, அறுகோண டம்பெல் இரண்டின் பிடிகளைப் பிடித்து எடுக்கிறேன். மணிக்கட்டு நேராக நிற்கிறது. தரையில் கிடக்கும் பாரை நின்றபடி தூக்கும் டெட்லிஃப்ட்தான் வலியின்றி முதலில் திரும்பியது. மணிக்கட்டில் சுற்றிக் கட்டும் பட்டையான ரிஸ்ட் ராப் பற்றி ஒரு வார்த்தை: பலர் அதை மூட்டுக்குக் கீழே முன்கையில் கட்டுகிறார்கள், அதனால் பயன் இல்லை, மூட்டை மூடி, உள்ளங்கையின் அடிவரை வர வேண்டும். நான் கனமான சுற்றுகளுக்கு மட்டும் கட்டுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை 60 கிலோவை ஐந்து முறை தூக்கினேன். வெள்ளிக்கிழமை காலை துண்டைப் பிழிந்தேன்; வலிக்கவில்லை. சனிக்கிழமையும் வலிக்கவில்லை. வண்டியை வெளியே எடுத்திருக்கிறேன், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். பாரைக் கழுத்துக்கு முன்னால் தோள்களில் வைத்துச் செய்யும் ஃபிரண்ட் ஸ்குவாட்டில், அதை விரல்நுனியில் தாங்கும் பிடிக்கு நான் இன்னும் போகவில்லை. கைகளைக் குறுக்கே கட்டிப் பிடிக்கும் முறையை இந்த வாரம் வெறும் பாரில் தொடங்கியிருக்கிறேன்.