மாருதி 800: ஆயில் சொட்டுவது கீழே, ஒழுகுவது எங்கே?

வண்டி 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர், 796 சிசி, மூன்று சிலிண்டர். நிறுத்தும் இடத்தில் கொஞ்ச காலமாகவே ஆயில் கறை. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு, அப்புறம் உள்ளங்கை அளவு. எங்கள் அபார்ட்மென்டில் பார்க்கிங்குக்குப் புதுசாக டைல்ஸ் போட்டார்கள். அதன் பிறகு இது என் வண்டிப் பிரச்சினை மட்டுமில்லை, அசோசியேஷன் பிரச்சினையும் ஆகிவிட்டது. "சார், செக்ரட்டரி கேக்கறாரு" என்று வாட்ச்மேன் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்.

வழக்கமான மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "பேக் சீல் போயிடுச்சு சார். கியர்பாக்ஸ் இறக்கணும். இறக்கும்போது கிளட்ச் பிளேட்டும் சேர்த்து மாத்திடலாம்." எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் ஃப்ளைவீல் பக்கம், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஆயில் சீலைத்தான் பேக் சீல் என்கிறார்கள். சீல் விலை பெரிய விஷயமில்லை, அதை எட்டுவதற்கு ஆகும் கூலிதான் செலவு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பில்தான் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கம் மேலே எங்கே ஒழுகினாலும் ஆயில் கடைசியில் வந்து சேரும் இடமும் அதுதானே? நிற்கும்போது ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரமாக இருப்பதிலேயே மிக உயரமான, மிக முன்னால் இருக்கிற இடத்தைத் தேட வேண்டும். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி எஞ்சினுக்கு அடியில் விரித்தேன். முன்சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அட்டையிலேயே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் காலையில் அட்டையை வெளியே இழுத்த பிறகு எந்தச் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்தது என்று குழம்பும். எஞ்சின் ஆயில் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி, கந்தக நாற்றம் அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. கூலன்ட் என்றால் நிறமே சொல்லிவிடும். பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி இளகலாக இருக்கும், தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். அது சொட்டினால் மட்டும் வண்டியை எடுக்கவே கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். என் அட்டையில் கியர்பாக்ஸ் பக்கம் எஞ்சின் ஆயில். இடது சக்கரத்தை ஒட்டி வேறு ஏதோ கருப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. அதை அப்போதைக்குக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் கழுவுவதுதான். இருபத்தைந்து வருஷத்துத் தூசியும் ஆயிலும் சேர்ந்து எஞ்சினின் அடிப்பக்கம் முழுக்கத் தார் பூசியது போலக் கெட்டியாகப் படிந்திருந்தது. எல்லாமே ஈரமாக இருக்கும்போது எது புது ஈரம் என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் நன்றாக ஆறின பிறகு பெயிண்ட் பிரஷ்ஷில் டீசல் தொட்டு ஊறவிட்டு, பட்டி போடும் தகட்டால் சுரண்டி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்தேன். இடுக்குகளுக்குப் பழைய டூத்பிரஷ். பெட்ரோலை இதற்குத் தொடவே தொடாதீர்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்து அடிக்கலாமே என்று கேட்பீர்கள். அடிக்கலாம், ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நான் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் பாலிதீன் பை கட்டிவிட்டு, கடைசியில் சோப்புத் தண்ணீரைக் கையால் ஊற்றிக் கழுவினேன்.

அடியில் படுப்பதற்கு முன்: ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பாரம் தாங்குகிற மாதிரி இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

சுரண்டச் சுரண்ட வண்டியின் பூர்வீகம் வெளியே வந்தது. சிலிண்டர் ஹெட்டை மேலே மூடும் டேப்பெட் கவர் ஓரத்தில் சாம்பல் நிற சிலிகான் பேஸ்ட், அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் விளிம்பில் சிவப்பு, அதற்கு மேலேயே இன்னொருவர் போட்ட நீலம். ஒழுகல் எங்கே என்று பார்க்காமல் ஆளாளுக்கு மேலே மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காய்ந்த பிறகு பவுடர். விலை குறைந்த டால்கம் பவுடர் போதும். டேப்பெட் கவர் விளிம்பு, ஹெட் சேரும் கோடு, டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே, ஆயில் பிரஷர் சுவிட்சைச் சுற்றி, பெல் ஹவுசிங், சேம்பர் விளிம்பு எல்லாவற்றிலும் டப்பாவை அமுக்கித் தூவினேன். ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை ஐட்லிங்கில் விட்டேன். எடுத்த எடுப்பிலேயே ரோட்டுக்குப் போனால் காற்றில் பவுடர் பறந்துவிடும். அப்புறம் மெதுவாகத் தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று. கண் எட்டாத இடங்களுக்கு செல்ஃபி ஸ்டிக்கில் போனை மாட்டி, ஃபிளாஷ் போட்டு வீடியோ எடுத்தேன்.

வீடியோவில் தெளிவாகவே தெரிந்தது. டேப்பெட் கவரின் ஒரு மூலையில் லேசான ஈரம், ஆனால் அது கீழே இறங்கவில்லை. பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்துக்குக் கீழேதான் நூல் கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு கிளம்பி, அலுமினியக் கேஸின் சரிவில் வளைந்து, பெல் ஹவுசிங்கின் வெளிச்சுவரில் பாதி தூரம் இறங்கியிருந்தது. கோட்டின் நுனியில் பவுடர் நனைந்து குட்டிக் கட்டியாகத் திரண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் மெக்கானிக் காட்டிய அதே விளிம்புக்கு வந்திருக்கும்.

பேக் சீல் ஒழுகினால் ஆயில் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இறங்கி அடியில் கசியும், வெளிச்சுவர் காய்ந்தே இருக்கும். இங்கே அப்படியே தலைகீழ்.

இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட். சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஒரு சின்ன கேஸ் இருக்கும், அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும். உள்ளே பல்சக்கரத்துக்கு ஆயில் வேண்டும், அந்த ஆயில் வெளியே வராமல் தடுப்பது ஒரு ரப்பர் ஓ-ரிங். சூட்டில் ரப்பர் வருஷக்கணக்கில் வெந்தால் கல்லாகிவிடும்.

கழற்றுவது சுலபம், திருப்பி மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிளக் ஒயர்களை உருவாமல் மூடியை மட்டும் தூக்கி ஓரமாக வைத்தேன். வீட்டம்மாவின் நெயில் பாலிஷை வாங்கி (திருப்பித் தருகிறேன் என்று சொல்லித்தான்) டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் கேஸுக்கும் குறுக்கே ஒரு கோடு, உள்ளே சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே ஒரு புள்ளி. பல் சாய்வாக வெட்டியிருப்பதால் வெளியே இழுக்கும்போதே ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பி நிற்கும் இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். மாட்டும்போது ரோட்டரை அந்த இரண்டாவது புள்ளியில் வைத்து இறக்கினால் தானாகத் திரும்பி முதல் புள்ளிக்கு வந்து நிற்கும். இதற்கிடையே எஞ்சினைச் சுற்றிவிடக் கூடாது.

பழைய ஓ-ரிங்கை ஊசியால் நெம்பினதும் இரண்டாக ஒடிந்தது. உருண்டையாக இருக்க வேண்டியது சப்பையாக, வளைத்தால் வளையாமல் இருந்தது. துண்டுகளை எடுத்துக்கொண்டு, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். சாம்பிள் இல்லாமல் போனால் அங்கே "எந்த மாடல், எந்த வருஷம்" என்று கேட்டே திணறடித்துவிடுவார்கள். விலை நூறு ரூபாய்க்குள்தான். பள்ளத்தைத் துடைத்து, புது ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவி மாட்டினேன். கேஸும் ஹெட்டும் சேரும் இடத்தில் பவுடர் வெள்ளையாகவே இருந்ததால் அதைத் தொடவில்லை. அப்புறம் பிளக்கில் பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று மெக்கானிக்கிடம் டைமிங் லைட் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். ஒடிந்த ரிங்கைக் காட்டினதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப கிளட்ச் பிளேட் வேணாமா சார்?" என்றார்.

ஓ-ரிங் மாற்றியதோடு விடவில்லை. பிஸ்டனைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைக் கிடைத்த சீல் வழியாக வெளியே தள்ளும். என் வண்டியில் டேப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் களிம்பு பிடித்துப் பாதி அடைத்திருந்தது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாலிதீன் தாள் ஒன்றை மேலே வைத்தால் சட்டென்று தூக்கி எறிந்தது. ஹோஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு தாள் லேசாகப் படபடப்பதோடு சரி.

கடைசியாக யூவி டை, அதாவது யூவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம். ஆயிலில் கொஞ்சம் கலந்து, செங்கல்பட்டு வரை ஓட்டிவிட்டு வந்து, பார்க்கிங் விளக்கை அணைத்து யூவி டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் எதுவும் ஒளிரவில்லை. பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றியும், சேம்பர் விளிம்பில் ஓரிடத்திலும் மஞ்சள் பச்சையாக மின்னியது. டிரெயின் போல்ட் வாஷரையும் சேம்பர் பேக்கிங்கையும் அடுத்த ஆயில் மாற்றத்தில் சேர்த்துப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். சேம்பர் தகரம் மெல்லியது. ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் விளிம்பு வளைந்து இன்னும் ஒழுகும்.

ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை எஞ்சினில் ஊற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். அது ரப்பரை உப்ப வைக்கப் பார்க்கும். கையில் எடுத்ததும் ஒடிகிற ரப்பருக்கு அதனால் என்ன ஆகப் போகிறது?

இப்போது டிப் ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை, டைல்ஸும் சுத்தம். அட்டையில் இடது சக்கரத்துப் பக்கம் ஒட்டியிருந்த அந்தப் பிசுக்கு கிரீஸ்தான். சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் மடிப்பில் கிழிந்திருக்கிறது. உள்ளே மண் போய் ஜாயின்ட் தேய்வதற்குள் அதை மாற்ற வேண்டும், பூட் கிட் சொல்லி வைத்திருக்கிறேன்.