பட்டம் பார்த்து விதைத்த ஓர் ஆண்டு: மதுரைக் கொல்லைப்புறத்திலிருந்து சில குறிப்புகள்

மதுரையில் அழகர்கோவில் சாலையை ஒட்டிய புறநகரில் எங்கள் வீடு. பின்பக்கம் இரண்டு, மூன்று சென்ட் அளவுக்குக் காலி இடம் இருக்கிறது. மண் செம்மண்தான் என்றாலும், வீடு கட்டியபோது கொட்டிய காரையும் செங்கல் துண்டும் அதில் பாதி. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. வாளியில் ஊற்றி வைத்தால் காய்ந்த பிறகு ஓரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே செய்தியே இல்லை.

இந்த இடத்துக்கு உரம், பூச்சிக்கரைசல், விலை உயர்ந்த விதை என்று எதை மாற்றுவதற்கும் முன்னால் மாதத்தைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தவறிய காயை வைப்பதில்லை என்பதே இந்த ஆண்டின் ஒரே விதி. ஆடியில் தொடங்கி இப்போது ஆனியின் கடைசி வாரத்துக்கு வந்திருக்கிறேன்.

ஆடி, ஆவணி

ஆடியில் கொடிகளும் அவரையும் விதைத்தேன். குழிக்கு ஒரு கூடை மட்கிய சாணம், இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. பீர்க்கு, புடல், சுரை, பாகல் நான்கும் ஒரே பந்தலில் ஏறின. பந்தலுக்குச் சவுக்குக் கம்பும் நைலான் வலையும் போதும்.

கொடிக்காய் வளர்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, பிஞ்சு ஏன் மஞ்சளாகி விழுகிறது என்பது. பாதிக்கு மேல் விடை பூ திறக்கும் நேரத்தில் இருக்கிறது. பாகலும் பூசணியும் விடியலில் விரியும். வெயில் ஏறினால் பூசணிப் பூ மூடிக்கொள்ளும். பீர்க்கும் சுரையும் புடலும் மாலையில்தான் விரியும். பகலில் வரும் தேனீக்கள் அவற்றை அதிகம் பார்ப்பதில்லை; அந்தி நேரத்து அந்துப்பூச்சிகள்தாம் அவற்றுக்கு விருந்தாளிகள். எங்கள் தெருவில் இரவெல்லாம் எரியும் விளக்குகளுக்கு நடுவே அந்துப்பூச்சிகளை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மாலை ஆறு மணிக்கு மேல் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிட்டேன். பெண் பூவுக்கு அடியில் விரலளவு பிஞ்சு இருக்கும் என்பதால் அடையாளம் காண்பது எளிது. பீர்க்கில் ஆண் பூக்கள் கொத்தாகவும் பெண் பூ தனியாகவும் வரும்.

முதலில் ஆண் பூக்கள் மட்டுமே வருவதைப் பார்த்துப் பலர் கொடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது கொடியின் இயல்பு. சாணமும் புண்ணாக்கும் கூடுதலாகப் போட்டால் இலைதான் பெருகும், பெண் பூ இன்னும் தள்ளிப்போகும். வெயிலும் அதையே செய்கிறது. கடும் வெயிலில் ஆண் பூக்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஆடியில் விதைத்த கொடி புரட்டாசியில் பூக்கும்போது அந்தத் தொல்லை குறைவு. சுரையில் தலைக்கொடியைக் கிள்ளிவிட்டதும் பக்கக்கொடிகளில் பெண் பூக்கள் வரத் தொடங்கின.

பீர்க்கும் சுரையும் தெருவுக்கே கொடுக்கும் அளவுக்குக் காய்த்தன. பாகலைப் பழ ஈ பிடித்துக்கொண்டது. பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிட்டுவிட்டு ஈ பறந்துவிடும். காய் கோணி, ஒரு பக்கம் மஞ்சளாகி, உள்ளே புழு நெளியும். அந்தக் காயைக் குப்பைக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறையாகத் திரும்பி வரும். ஆகவே விழுந்த காய்களைத் தினமும் பொறுக்கி, நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிட்டேன். கொடிக்கு அடியில் மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெளியே வந்து மைனாவுக்கு இரையாகும். கடையில் கிடைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும் என்பதால் கருவாட்டுப் பொறியும் வைத்துப் பார்த்தேன். ஈ வந்ததோ இல்லையோ, தெருப் பூனைகள் அனைத்தும் வந்தன. கடைசியில் கைகொடுத்தது செய்தித்தாள்தான். பூ வாடிய மறுநாளே பிஞ்சைக் காகித உறைக்குள் விட்டு நூலால் கட்டினால் ஈ அண்டுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை வந்ததும் தோட்டம் வேறு முகம் காட்டியது. குளிர்ச்சி மட்டும் காரணமில்லை. கிணற்று நீரால் மாதக்கணக்கில் மண்ணின் மேல்பகுதியில் சேர்ந்த உப்பை மழை கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. ஆவணியில் நுனி கருகி நின்ற அவரை இலைகள் ஐப்பசியில் தளதளவென்று ஆனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவரை, பீன்ஸ் வகைகளுக்கு உப்புநீர் ஆகாது; பாலக்குக்கும் முருங்கைக்கும் அது பெரிய பொருட்டில்லை.

தக்காளியும் கத்தரியும் மிளகாயும் புரட்டாசியிலேயே நாற்றுவிட்டு இந்த நேரத்தில் நட்டவை. தக்காளி விஷயத்தில் அடுத்த வீட்டு ஐயாவின் பேச்சுதான் என் பட்டக் கணக்குக்கே அடிப்படை. மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். "மாசிக்குப் பிறகு நட்டாலும் செடி நன்றாகத்தான் வரும் தம்பி, பூவும் வைக்கும். பூவைக் குழம்பு வைக்க முடியுமா?" என்பார். பகல் 35 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும். மதுரையில் பங்குனி பிறந்தால் இரண்டுமே தாண்டிவிடும். மார்கழியிலும் தையிலும் காய்க்கும்படி நட்டதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மயில் வந்தது.

மலையடிவாரத்துப் பக்கம் வீடு கட்டியவர்கள் மயிலை ரசிப்பதாகப் படம் எடுத்துப் போடுவார்கள். செங்காயைப் பார்த்துப் பார்த்துக் கொத்தும் மயிலை நான் ரசிக்கவில்லை. தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. விரட்டலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. செடிகளைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டியதோடு, தக்காளியை நிறம் மாறத் தொடங்கியவுடன் பறித்து அடுப்படியில் பழுக்க வைத்தேன்.

கத்தரியில் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று பொருள். வாடிய இடத்துக்குக் கீழே ஒரு சாண் வெட்டி எரித்துவிட்டேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வேறு மருந்து அடிக்கவில்லை.

கீரைக்கு அம்மாதான் பொறுப்பு. விதையை மணலோடு கலந்து தூவியதும் பாத்தியின் ஓரத்தில் அரிசி நொய்யை ஒரு கோடாகப் போடுவார். எறும்புகள் நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும் நேரத்தில் கீரை விதை முளைத்துவிடும்.

மார்கழி, தை

அவரையின் காலம் இது. ஆடியில் விதைத்த நாட்டு அவரை கார்த்திகை வரை பந்தல் முழுக்க இலையாக நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "இது காய்க்காத ரகம்" என்று தீர்ப்பளித்தார்கள். நாட்டு அவரை பகல் பொழுது குறுகிய பிறகுதான் பூக்கும். எத்தனை உரம் போட்டாலும் அதை முன்கூட்டிப் பூக்க வைக்க முடியாது. மார்கழியில் ஊதாக் கொத்துகள் தலைகாட்டின. பொங்கல் குழம்புக்கு வீட்டு அவரைதான். அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி மொய்த்தபோது சாம்பலைப் பனியோடு அதிகாலையில் தூவினேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் சாலையோரக் கரும்புக் கடைகளில் தோகை மலையாகக் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், சுத்தம் செய்கிற வேலை அவர்களுக்கு மிச்சம். கோடையில் மண்ணை மூடிவைப்பதற்கான மூடாக்கு முழுவதும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பங்குனி முதல் வைகாசி வரை

தக்காளி, மிளகாய், அவரை மூன்றையும் பங்குனியில் எடுத்துவிட்டேன். கத்தரியை மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு வைத்திருக்கிறேன். கோடைக்கு விட்டவை கொத்தவரை, தட்டைப்பயறு, கொடிப்பசலை, வேலியோரச் சுண்டை. நான்கும் வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்பவை. சுண்டைக்காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடுவதற்கு அக்கினி நட்சத்திரத்தை விட நல்ல நாள் கிடையாது. வெண்டையை வேண்டுமென்றே தவிர்த்தேன். கோடையில் வெள்ளை ஈ பெருகும், அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்தால் செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

மூடாக்கு கணுக்கால் உயரம். அதன் கீழே விரலை விட்டால் மண் ஈரமாக இருந்தது. மூடாத இடத்தில் காலையில் விட்ட தண்ணீர் மதியம் காணாமல் போனது. கீரைப் பாத்திக்கு மட்டும் ஐம்பது சதவீத நிழல்வலை.

மரங்கள்

வாழையில் கற்பூரவல்லியைத் தேர்ந்தெடுத்தேன். வறட்சியையும் உப்பையும் ஓரளவு தாங்கும். பாத்திரம் கழுவும் நீரும் அரிசி களைந்த நீரும் அதற்கே போகின்றன. பக்கக்கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறேன். தார் இப்போதுதான் தள்ளியிருக்கிறது.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரக முருங்கையை விதையிலிருந்து வளர்த்தேன். போன ஆடியில் ஊன்றியது மாசியில் காய்த்தது. காய்ப்பு ஓய்ந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டியாகிவிட்டது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பட்டாளமாக வருமே, அதற்குத்தான் மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருப்பது.

பப்பாளியில் ரெட் லேடி என்ற தைவான் கலப்பினம். இதில் ஆண் மரம் வருவதில்லை என்பது சின்ன இடத்துக்குப் பெரிய வசதி. மேடு கட்டி நட்டதால் ஐப்பசி மழையில் தண்டடி அழுகவில்லை. கோடையில் இலையடியில் மாவுப்பூச்சி தெரிந்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டுப் பப்பாளித் தோட்டங்களையும் மல்பெரியையும் சூறையாடிய அதே பூச்சியாக இருக்கலாம். 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. குளவியின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று மருந்தைத் தொடவில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததோடு, தண்டில் ஏறும் எறும்புகளை மட்டும் தடுத்தேன். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்காரன்.

எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருப்பவற்றை எச்சம் என்றே விட்டுவிடாதீர்கள். அவை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள்; சில நாட்களில் பச்சை நிறமாகி, கன்றை மொட்டையாக்கும். எடுத்துக் கருவேப்பிலை மரத்தில் விட்டேன். அந்த மரம் பெரியது, தாங்கும்.

இப்போது

குழிகள் தயாராக இருக்கின்றன, சாணம் மட்கிவிட்டது. பீர்க்கு, சுரை விதைகள் முற்றவிட்ட காய்களிலிருந்து எடுத்தவை. அவரைப் பந்தலை மதில் வரை நீட்டுகிறேன். சுரைக்கும் பீர்க்குக்கும் தனித்தனிப் பந்தல், மாலையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றினுள் ஒன்றாகப் பூத் தேடும் வேலை குறையும். பாகலுக்கு இந்த முறை இடமில்லை. வீட்டில் அதைச் சாப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். அதற்காக ஒவ்வொரு காய்க்கும் செய்தித்தாள் உடுத்திக்கொண்டிருக்க முடியாது.