இதயநோய்த் தடுப்புத் திட்டம் பலன் தந்ததா? அளந்து பார்க்கும் முறை

ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமின் பதிவேட்டை வைத்துத் திட்டத்தை மதிப்பிடக் கூடாது. அதில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை மட்டும் பிரித்து ஆறு மாதம் கழித்து அளந்தால், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் சராசரி குறையும். அன்றைக்குத் தற்செயலாக ஏறியிருந்த அளவு, பிறகு வழக்கமான நிலைக்கு இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது பெரிய தவறு.

வேண்டியது, வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்த மாதிரி. முகாம் பக்கமே வராதவர்களும் அதில் இருப்பார்கள். திட்டம் அவர்களை எட்டியதா என்பதுதான் உண்மையான கேள்வி.

எத்தனை பேர்? திட்டம் நடந்த, நடக்காத இரண்டு குழுக்களுக்கிடையே மேல் அழுத்தத்தில் (இரண்டு எண்ணில் பெரியது) 2 மி.மீ. வித்தியாசத்தைப் பிடிக்க (ஆளுக்கு ஆள் அளவு மாறும் விரிவு, அதாவது திட்ட விலக்கம், 20; வித்தியாசம் உண்மையில் இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு, அதாவது திறன், 80%) குழுவுக்கு ஏறத்தாழ 1,570 பேர். ஊர் ஊராக எடுத்தால் அதுவும் போதாது, ஏனென்றால் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஊருக்கு 100 பேர், ஊருக்குள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு (முழுக்க ஒத்திருந்தால் 1) வெறும் 0.01 என்றாலும் 1 + 99 × 0.01, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆள் தேவை. இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர் என்று வைத்தால், எத்தனை ஆயிரம் பேரை அளந்தாலும் வித்தியாசம் திட்டத்தாலா ஊராலா என்று சொல்ல முடியாது.

திட்டம் நடக்காத ஒப்பீட்டுப் பகுதி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். பின்லாந்தில் 1972இல் தொடங்கிய வடக்குக் கரேலியா இதயநோய்த் தடுப்புத் திட்டம் பக்கத்து குவோபியோ மாகாணத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் மினசோட்டா இதயநலத் திட்டத்தில் 1980களில் மூன்று ஜோடி ஊர்களை எடுத்தார்கள். திட்டம் நடக்காத ஊர்களிலும் ஆபத்துக் காரணிகள் குறைந்துகொண்டே வந்ததால், திட்டத்தின் பங்கைப் பிரித்துக் காட்டுவது கடினமானது. திட்டத்துக்கு முன்பே இரண்டு சுற்று கணக்கெடுத்தால் தானாக நடக்கும் மாற்றத்தின் போக்கு தெரியும்.

அளக்கும் விதம் கடைசிவரை மாறக் கூடாது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கை இதய மட்டத்தில் இருக்க, மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள். பருத்த கைக்கு, சுற்றிக் காற்றடிக்கும் பட்டையைச் சிறியதாகப் போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். குளிர்காலத்தில் அழுத்தம் ஏறுமாதலால் எல்லாச் சுற்றும் ஒரே பருவத்தில் நடக்கட்டும். கையால் இயக்கும் கருவியில் இரட்டை எண்களாகப் படிக்கும்போது கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என ஐந்தில் ஒன்று என்பதால், 0இல் முடிபவை 20% அளவில் இருக்க வேண்டும். 40, 50% வந்தால் அளந்தவர் தோராயமாக எழுதியிருக்கிறார். அவருக்கு அன்றே மறுபயிற்சி கொடுங்கள். மாதக் கடைசியில் தெரிந்தால் தரவைக் காப்பாற்ற முடியாது.

புகையை விட்டேன், உப்பைக் குறைத்தேன் என்ற வாய்ச்சொல் போதாது. பிரச்சாரம் நடந்த ஊரில் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று மக்களுக்குத் தெரியும். ஒரு சிறு பகுதியினரிடமாவது உமிழ்நீரில் கோட்டினின் (புகையிலையின் நிக்கோட்டின் உடலில் மாறி உண்டாவது), 24 மணி நேரச் சிறுநீரில் உப்பிலுள்ள சோடியம் பாருங்கள். சிறுநீர்ச் சேகரிப்பில் ஒரு தடவை விட்டுப்போனாலும் உப்பு குறைந்ததுபோலத் தோன்றும். எந்த நேரம் தொடங்கியது, எப்போது முடிந்தது, எவ்வளவு சிந்தியது என்று எழுதி வாங்குங்கள்.